மூன்றாம் நம்பர் கூண்டிலேயே நிற்கப் பழக்குவது எப்படி?

"கோபம் வந்தது, டிவியை உடைத்துவிட்டேன்."

எதிரே உட்கார்ந்திருந்தவர் இதை ஒரே மூச்சில் சொன்னார். விசைப்படகு ஓட்டுபவர், நாற்பது வயதுக்குள் இருக்கும். அப்போது மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பணத்தைப் பற்றி எப்படிப் பேச்சை எடுத்தாலும் சண்டையில்தான் முடியும்.

"கோபம் வந்ததற்கும் டிவி உடைந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது, தம்பி?" என்று கேட்டேன்.

"நடுவில் என்ன இருக்கிறது அக்கா? வந்தது, உடைத்தேன்."

ஒரு தாளை எடுத்து இடது ஓரத்தில் 'கோபம்' என்றும் வலது ஓரத்தில் 'டிவி' என்றும் எழுதி அவர் முன்னால் வைத்தேன். நடுவில் வெற்றிடம். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் அந்த வெற்றிடத்தை நிரப்பினோம். மனைவி அடகுச் சீட்டை எடுத்துத் தரையில் வைத்திருக்கிறார். இவருக்குக் காது அடைத்தது. உள்ளங்கை வியர்த்தது. 'இவளுக்கு நான் கையாலாகாதவன்' என்று மனதுக்குள் ஒரு வாக்கியம் ஓடியது. எழுந்தார். இரண்டு எட்டு வைத்தார். கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த இரும்புக் குழாயை எடுத்தார். திரும்பினார். எல்லாம் எழுதி முடித்ததும் தாளைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு இருந்ததா?" என்றார்.

நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது அந்த 'இவ்வளவை'த்தான். உணர்ச்சி பொங்கும்போது உடனே செயல்படாமல், நின்று கவனிக்கப் பழக்கும் முறையைப் பற்றி, மனநல ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊரில், கீழே வலைக்கடை இருக்கும் ஒரு மாடி அறையில் பத்தொன்பது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். இங்கே சொல்லும் ஆட்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர், தாங்க முடியாத உணர்ச்சிகளோடும் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தோடும் போராடுபவர்களுக்காக ஒரு சிகிச்சை முறையை உருவாக்கி, 1993-இல் அதை நூலாக வெளியிட்டார். டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்று பெயர், டிபிடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இளம் வயதில் தானும் அதே வேதனையோடு மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்ததை 2011-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். நில், ஓரடி விலகு, கவனி, பிறகு யோசித்துச் செய் என்ற நான்கு படிகள் அவருடைய முறையிலிருந்து வந்தவை. அதே பல்கலைக்கழகத்தில் இருந்த ஆலன் மார்லட், குடியை விட முயல்பவர்களுக்கு, உந்துதல் என்பது அலையைப் போல ஏறி இறங்கும், அதை எதிர்க்காமலும் அதற்குப் பணியாமலும் மேலேயே மிதந்து கடக்கலாம் என்று கற்றுக்கொடுத்தார். இருவரும் சொன்னதைப் பாம்பன் கரைக்குக் கொண்டுவரத்தான் எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

சொல்லில் கவனம் வேண்டும்

'கட்டுப்படுத்து' என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன். கோபத்தைக் கட்டுப்படுத்துங்கள், மனதைக் கட்டுப்படுத்துங்கள் என்று நம் துறையில் எல்லோரும் சொல்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், ஒரு காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். இந்த மாவட்டத்தில் மனநலம் பற்றிப் பேச்சு வந்தாலே நடுவயதைத் தாண்டியவர்களுக்கு அந்தச் சங்கிலி நினைவுக்கு வரும். என்னிடம் வரும்போதே 'எங்கள் பையனைக் கட்டிப்போடச் சொல்வார்களோ' என்ற பயத்தோடு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'கட்டு' என்று தொடங்கும் ஒரு சொல்லைச் சொல்லி எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.

'பொறு' என்பதும் அப்படித்தான். முக்கியமாகப் பெண்களிடம். பிறந்ததிலிருந்து அவர்கள் கேட்டுச் சலித்த சொல் அது. நீங்களும் அதையே சொன்னால், மாமியார் வரிசையில் உங்களையும் சேர்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

நான் 'நில்' என்கிறேன். நிற்பது வேறு, விழுங்குவது வேறு. இந்த வேறுபாட்டை முதல் சந்திப்பிலேயே விளக்கிவிடுங்கள். பழைய பாம்பன் ரயில் பாலத்தைச் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் உடனே விளங்கும். 1914-இல் திறந்த அந்தப் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலுக்கு சிக்னல் விழாது. ரயில் கரையிலேயே நிற்கும். அதற்காக ரயிலை ரத்து செய்துவிட்டார்கள் என்று யாரும் சொன்னதில்லை. காற்று இறங்கியதும் அதே ரயில், அதே பயணிகளோடு, போக வேண்டிய ஊருக்குப் போகும். உங்கள் கோபம் நியாயமானதாக இருக்கலாம். அது சொல்ல வேண்டியதைக் கட்டாயம் சொல்லலாம். காற்று இறங்கட்டும், பிறகு அனுப்புவோம். இதைக் கேட்டதும் பல பெண்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் யாரோ முதல்முறையாக 'நீ சொல்லலாம்' என்று சொல்லியிருக்கிறார்கள்.

யாருக்கு இதைக் கற்றுக்கொடுக்கக் கூடாது

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் 'நில், மூச்சு விடு, கவனி' என்று சொல்வது பெரும் பிழை. அவருடைய பயம் சரியான பயம். கை ஓங்கியவர் முன்னால் அவர் நிற்கக் கூடாது, வெளியேற வேண்டும். எந்த வீட்டுக்கு ஓடுவது, ஆதார் அட்டையையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் எங்கே வைப்பது, 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்தப் பெயரில் போனில் பதிந்துகொள்வது என்பதுதான் அவருக்கான பாடம். ஆகவே தம்பதியாக வந்தாலும் முதல் சந்திப்பில் இருவரையும் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள்.

குடித்திருக்கும் நேரத்துக்கும் இது பொருந்தாது. குடிப்பதற்கு முன்னால் வரும் உந்துதலில்தான் இந்தப் பயிற்சிக்கு இடம். குடித்த பிறகு கற்றதெல்லாம் கைக்கு எட்டாது. இதை அவரிடமே நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

உடம்பில் எங்கே?

'உங்களுக்கு என்ன உணர்வு ஏற்படுகிறது?' என்று கேட்டால் எங்கள் பக்கத்து ஆட்கள் விழிப்பார்கள். அது பாடப்புத்தகத்தின் கேள்வி. உடம்பில் எங்கே வருகிறது என்று கேட்டுப் பாருங்கள், கொட்டுவார்கள். வயிறு எரிகிறது. அடிவயிறு கலங்குகிறது. நெஞ்சு அடைக்கிறது. உச்சி மண்டையில் சுர்ரென்று ஏறுகிறது. காது கேட்கவில்லை. கண் இருட்டுகிறது. பல் தானாகக் கடிக்கிறது. கை துறுதுறுக்கிறது. தமிழில் கோபமும் பொறாமையும் துக்கமும் உடம்பின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருகின்றன. வயிற்றெரிச்சல் என்கிறோம், மனக்கொதிப்பு என்கிறோம், நெஞ்சு பொறுக்கவில்லை என்கிறோம். நம் மொழி கொடுத்திருக்கும் இந்த வசதியை நழுவ விடாதீர்கள்.

ஒவ்வொருவருக்கும் முதலில் வரும் அறிகுறி ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதற்கே இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். படகுத் தம்பிக்குக் காது அடைப்பது. கீழக்கரைப் பக்கமிருந்து வந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கட்டைவிரல். கணவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். இரவு பதினொரு மணிக்கு மேல் அவர் அனுப்பும் செய்தியில் ஒரு சொல் கடுமையாக இருந்தால், இவருடைய கட்டைவிரல் போனின் ஒலிவாங்கிக் குறியை அழுத்தப் போய்விடும். மனதில் வலி தெரிவதற்கு முன்பே விரல் போய்விடும். ஏழெட்டுக் குரல்பதிவுகள் போகும். விடியற்காலையில் எல்லாவற்றையும் அழிக்கப் பார்ப்பார். அதற்குள் கணவர் கேட்டிருப்பார். "எனக்குக் கோபம் வருவதே தெரியாது, ம்மா. விரலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்" என்றார். அதுவே போதும். விரலை வைத்தே தொடங்கினோம்.

எத்தனையாம் நம்பர் கூண்டு?

வேதனையை ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பிடச் சொல்வது எல்லா ஆலோசகர்களும் செய்வது. நானும் செய்தேன். எல்லோரும் 'பத்து' என்றார்கள், அல்லது சங்கடத்தில் 'ஐந்து' என்றார்கள். அந்தப் படகுத் தம்பிதான் எனக்கு வேறு வழி காட்டினார். நம்பர் போடச் சொன்னதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூண்டு மாதிரியா அக்கா?" என்றார்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைத்தான் சொன்னார். எங்கள் கரையில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். ஒன்றாம் நம்பர் என்றால் தூரத்தில் எங்கோ காற்றழுத்தம். இங்கே ஒன்றும் இல்லை. மூன்றாம் நம்பர் என்றால் நம் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரும். ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று தனி: வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

அன்றிலிருந்து என் அறையில் இதுதான் அளவுகோல். இப்படிப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்று, இரண்டில் பேசலாம், சிந்திக்கலாம், சமாதானம் சொல்லலாம். மூன்று, நான்கில் 'நில்' பயிற்சி. ஐந்திலிருந்து ஏழுக்குள் பேச்சே வேண்டாம். உடம்பை மட்டும் தணிக்க வேண்டும், அதற்கான வழிகளைக் கீழே சொல்கிறேன். எட்டைத் தொட்டால் இடத்தை விட்டு விலக வேண்டும், துணைக்கு ஒருவரை அழைக்க வேண்டும். பதினொன்றில் அவருக்கு யார் சொல்வதும் கேட்காது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது அவரிடம் இல்லை, கூட இருப்பவர்களிடம் இருக்கிறது. அறிவுரை கூடாது, சத்தம் கூடாது, குழந்தைகளை அப்புறப்படுத்த வேண்டும், ஆபத்தான பொருள்களை எட்டாமல் வைக்க வேண்டும். குடும்பத்தாரை ஒருநாள் வரவழைத்து இதைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள்.

எங்கே பிடிப்பது என்பதுதான் சூட்சுமம். மூன்றில் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் வருபவர்கள் மூன்றைக் கவனிக்கவே மாட்டார்கள், எட்டில்தான் விழித்துக்கொள்வார்கள். நான் புதிதாக வேலைக்கு வந்த காலத்தில், அறைக்குள் கத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை. ஒன்பதில் இருந்தவரிடம் மூன்றுக்கான பயிற்சியைச் சொன்னது என் தவறு. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

நிற்பதை நடித்துப் பழக்குங்கள்

விளக்கிச் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். நீச்சலை யாராவது உட்கார்ந்து விளக்கிக் கற்றுக்கொடுக்கிறார்களா? நான் அவர்களை எழுந்து நிற்கச் சொல்வேன். படகுத் தம்பியோடு செய்ததை அப்படியே சொல்கிறேன்.

அறையின் நடுவில் நின்றார். நான் ஒரு தாளை மடித்து, "இது அடகுச் சீட்டு" என்று சொல்லித் தரையில் வைத்தேன். வெறும் தாள்தான், இருந்தும் தாடை இறுகியது. "எத்தனையாம் நம்பர்?" "நாலு." "நில்லுங்கள்." நிற்பது என்றால் எந்தத் தசையும் அசையாமல், வாயும் அசையாமல். பிறகு வலது காலை எடுத்து ஒரு எட்டு பின்னால் வைக்கச் சொன்னேன். ஓரடி விலகு என்பதை மனதுக்குச் சொல்வதற்கு முன் காலுக்குச் சொல்ல வேண்டும். குதிகால் தரையில் பதிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். கை என்ன செய்வது என்று தெரியாமல் முறுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் பின்னால் கோத்துக்கொள்ளச் சொன்னேன். கோத்த கை எதையும் எடுக்காது. அதற்குப் பிறகுதான் கவனிப்பது: காது எப்படி இருக்கிறது, மனதில் எந்த வாக்கியம் ஓடுகிறது, எதிரில் இருப்பவர் உண்மையில் என்ன சொன்னார். "சீட்டை வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை" என்றார். ஆம், மனைவி கையாலாகாதவன் என்று சொல்லவே இல்லை. அந்தச் சொல் இவருடையது. கடைசியாக, இந்த இடத்தில் எனக்கு என்ன நடக்க வேண்டும் என்று தன்னையே கேட்பது.

இதை அன்று ஆறு முறை செய்தோம். ஏழாவது முறை நான் 'நில்' என்று சொல்வதற்கு முன்பே அவர் கால் பின்னால் போனது. அந்தக் கால் போகும் வரைக்கும் பாடம் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரைப் பெண்ணுக்குக் காலால் பயனில்லை, அவர் படுத்துக்கொண்டு போனைப் பிடித்திருப்பவர். அவருக்குப் போனைக் கவிழ்த்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து உட்காருவதுதான் 'நில்'. அவரே இன்னொன்றும் சேர்த்தார். கோபம் வந்தால் நிற்பவர் உட்கார வேண்டும், உட்கார்ந்தும் தணியாவிட்டால் படுக்க வேண்டும் என்று அவருடைய வாப்பா சிறுவயதில் மார்க்கத்தின் சொல்லாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார். "நான் படுத்துக்கொண்டேதானே கோபப்படுகிறேன், எனவே எழுந்து ஒளு செய்கிறேன்" என்றார். முகத்திலும் கைகளிலும் தண்ணீர் படும் அந்த இரண்டு நிமிடம் அவருக்கு என் பயிற்சியை விட நன்றாக வேலை செய்தது. வருபவரின் நம்பிக்கைக்குள் ஏற்கெனவே ஒரு நிறுத்தம் இருக்கும். கோவிலுக்குப் போகிறவரிடமும் ஜெபமாலை வைத்திருப்பவரிடமும் அதைக் கேட்டு வாங்குங்கள். பதிவை அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதிவு செய்யுங்கள், தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், சுபுஹு என்ற விடியற்காலைத் தொழுகைக்குப் பிறகு கேட்டுப்பார்த்து, வேண்டுமென்றால் கணவருக்கு அனுப்புங்கள் என்று பேசிக்கொண்டோம்.

ஐந்தைத் தாண்டிவிட்டால்

அப்போது தண்ணீர். மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் வைத்தால் இதயத் துடிப்பு குறையும். மனிதர் உட்படப் பாலூட்டிகளிடம் உள்ள இயல்பு இது. முக நரம்புகளிலிருந்து போகும் செய்தி, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்தை நிதானப்படுத்துகிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். பாம்பன் பக்கத்தில் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் ஒரு பெண்ணிடம் விளக்கியபோது, "இது தெரியாதா தாயி? உள்ளே போனதும் நெஞ்சு அடங்கிவிடுமே, மேலே வந்ததும்தான் கடன்காரன் ஞாபகம் வரும்" என்றார்.

எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் வெந்நீராகத்தான் வரும். அதனால் ஐஸ் வேண்டும். மீன்பிடிக் கரையில் அதற்குப் பஞ்சமில்லை. சுத்தமான ஐஸை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈரத்துணியில் சுற்றி, முன்னால் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்களுக்குக் கீழே கன்னத்து மேட்டில் வைக்க வேண்டும். அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெறும் ஐஸைத் தோலில் வைக்கக் கூடாது. இதய நோய் உள்ளவர்கள், நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைவாக உள்ளவர்கள், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், உண்ணாமல் மெலிந்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. அவர்களுக்கு வேகமான நடை போதும், அல்லது மூச்சு. இன்னொன்று: ஐஸ் தரும் தணிவு சில நிமிடங்கள்தான் நிற்கும். அந்தச் சில நிமிடத்துக்குள் இடத்தை மாற்றிவிட வேண்டும்.

மூச்சுக்கு நான் நொடிக்கணக்கு சொல்வதில்லை. கடலில் ஆழத்தைப் பாகம் என்றுதான் அளப்பார்கள், இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். நங்கூரக் கயிறு விடுவதைப் போல எண்ணச் சொல்வேன். மூச்சை இழுக்கும்போது நாலு பாகம், விடும்போது ஆறு பாகம். விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். வெளிமூச்சில்தான் இதயம் இளைப்பாறும். கயிற்றைக் குறைத்துவிட்டால் நங்கூரம் பிடிக்காமல் இழுபடும் என்று அவர்களுக்கே தெரியும். ஐந்து நிமிடம் இப்படி.

தொண்ணூறு நொடியில் எந்த உணர்ச்சியும் அடங்கிவிடும் என்று சிலர் வாக்குக் கொடுக்கிறார்கள். நான் கொடுப்பதில்லை. கோபத்தைக் கிளப்பிய வாக்கியத்தையே மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தால் நாள் முழுவதும் அடங்காது. தொண்ணூறு நொடி கழித்தும் கொதிப்பவர், தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார். ஏறியது இறங்கும் என்று மட்டும் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் என்பதை அவரே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வரட்டும்.

விலகிப் போகும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டும்

படகுத் தம்பி இரண்டாவது மாதம் ஒரு புகாரோடு வந்தார். "நீங்கள் சொன்னபடி எழுந்து வெளியே போனேன். அவள் இன்னும் அதிகமாகக் கத்தினாள்." மனைவியிடம் கேட்டேன். "செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் போகிறார். கடைக்குப் போகிறாரா, கடலுக்குப் போகிறாரா, திரும்பி வருவாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. ஒருவருடைய நிறுத்தம் இன்னொருவருக்குப் புயலாகிவிடக் கூடாது.

இருவரையும் உட்காரவைத்து ஒரே ஒரு வாக்கியத்தை முடிவு செய்தோம். "ஆறு ஆகிவிட்டது, பாலத்தடியில் இருப்பேன், அரை மணியில் வருகிறேன்." நம்பர், இடம், நேரம். மூன்றும் இருக்க வேண்டும். மதுக்கடை இருக்கும் திசை கூடாது. மனைவி பின்னாலேயே வந்து பேசக் கூடாது. அரை மணியில் தணியாவிட்டால், வந்து முகத்தைக் காட்டிவிட்டு இன்னும் அரை மணி கேட்டுப் போகலாம். வராமல் இருக்கக் கூடாது.

திரும்பி வந்ததும் அந்தப் பேச்சை எடுத்தே ஆக வேண்டும். இங்கேதான் பல ஆலோசகர்கள் கோட்டை விடுகிறார்கள். தணிந்துவிட்டாரே என்று மகிழ்ந்து பேச்சை மூடிவிடுகிறார்கள். அடகுச் சீட்டு தரையிலேயே கிடக்கிறது. பேசாமல் விட்டால் அடுத்த வாரம் அவர் 'நின்று என்ன பயன்' என்பார், அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால்

கேளுங்கள். நேராக, 'தற்கொலை' என்ற சொல்லைச் சொல்லியே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. அந்த எண்ணம் இருப்பவருக்கு நிற்கும் பயிற்சி மட்டும் போதாது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆபத்தை வீட்டிலிருந்து அகற்ற வேண்டும், இரவில் துணைக்கு யார் என்று முடிவு செய்ய வேண்டும், மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். உந்துதல் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் பொருள் எட்டாமல் இருந்தால் உயிர் பிழைக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416 எல்லா நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். 104-லும் அழைக்கலாம். இரண்டையும் அவர்கள் போனில் நீங்களே பதிந்து, உங்கள் முன்னாலேயே ஒருமுறை அழைக்கச் சொல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்களிடம், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

நல்ல வானிலையில்தான் பயிற்சி

வலையைக் கரையில் வைத்துத்தான் பின்னுவார்கள். வீட்டுப் பயிற்சியாக நான் பெரிய கோபம் எதையும் கொடுப்பதில்லை. தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்த வரிசையில் யாரோ நடுவில் நுழைகிறார், ஒன்றாம் நம்பர். கால் பின்னால் போகட்டும். ராமநாதபுரம் பஸ்ஸில் சில்லறை கிடைக்கவில்லை, ஒன்றாம் நம்பர். நாலு பாகம், ஆறு பாகம். மின்சாரம் போகிறது, இரண்டாம் நம்பர். ஒரு நாளைக்கு ஐந்து முறை இப்படிச் செய்தால் ஒரு மாதத்தில் நூற்றைம்பது ஆகிவிடும். எட்டாம் நம்பர் வரும் அன்று உடம்பு அதைத் தேடி எடுக்க வேண்டியிருக்காது.

நீங்களும் செய்யுங்கள். அப்பா இறந்த ஆண்டு, வீட்டைப் பிரிக்கும் பேச்சில், என் தம்பியிடம் போனில் ஒரு வாக்கியம் சொன்னேன். நான்கு ஆண்டுகள் அவன் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அப்போது நான் இந்தப் பயிற்சியை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நானே ஒருநாள்கூடப் பயிற்சி கொடுக்கவில்லை. இப்போது தினமும் செய்கிறேன். வருபவர் முன்னால் குரல் உயரும்போது என் குதிகாலைத் தரையில் அழுத்திக்கொள்கிறேன்; அவர்களுக்குத் தெரியாது.

தவறிவிட்டால்? தவறுவார்கள். மூன்றாவது மாதம் படகுத் தம்பி ஒரு போனை உடைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வந்தார். பழைய தாளைப் போலவே ஒரு தாள், இடது ஓரம், வலது ஓரம், நடுவில் வெற்றிடம். திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை. இம்முறை நடுப்பகுதியை அவரே எழுதினார். எழுதிவிட்டு, "ஆறில் எனக்குத் தெரிந்துவிட்டது அக்கா. கால் பின்னால் போனது. கைதான் கேட்கவில்லை" என்றார்.

முன்பு அவருக்கு ஒன்பதில்கூடத் தெரிந்ததில்லை. குறிப்பேட்டில் அந்தத் தேதிக்கு எதிரே 'ஆறு' என்று எழுதி வட்டமிட்டு, அவருக்கும் காட்டினேன். பிறகு இரண்டு பேரும் எழுந்து நின்று, கையைப் பின்னால் கோத்துக்கொள்வதை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம்.